என் லாரியில் பாட்டு ஏன் சத்தமாகக் கேட்கிறது?

போன வியாழக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திரும்பினார். கடைசியில் கேட்டே விட்டார்.

"நீங்கதானமா அந்த... பாட்டு லாரி?"

'அந்த' என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டார் பாருங்கள்... ஊரில் என்னைப் பற்றிப் பேசின பேச்சு அத்தனையும் அதற்குள் இருந்தது.

"ஆமாம்மா. லாரியும் என்னுதுதான். பாட்டும் என்னுதுதான்" என்றேன்.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். காஞ்சிபுரத்தில் சும்மா கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்கிறார்கள், பூக்கடையில் கேட்கிறார்கள், கோயில் பிரகாரத்தில் சாமியை விட்டுவிட்டு என்னைச் சுற்றிவந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அதனால் இந்த வாரம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவதாக உத்தேசம்.

வாரா வாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு என் லாரியைத் தெரியும். என் வீட்டுக்காரர் வாங்கின வண்டி. அவர் பெங்களூர் போய்ப் பட்டு நூல் எடுத்து வந்து பிள்ளையார்பாளையத்துத் தறிக்கார வீடுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் தவறிப்போன பிறகு அந்த வேலையை நான் செய்கிறேன். போகும்போது யார் எந்தச் சரக்கு ஏற்றினாலும் சரி. வரும்போது பின்னால் கோஸும் கேரட்டும் இருக்கும், கேபினில் என் காலடியில் பட்டு நூல் மூட்டை இருக்கும்.

"நீ எதுக்குமா லாரில போற? ஆள அனுப்பலாமே?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆளை அனுப்பலாம். ஆளின் விரலை யார் அனுப்புவது? பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாக, அதாவது கட்டுக் கட்டாகப் பிரித்து, விரலிடுக்கில் உருவிப் பார்த்து வாங்க வேண்டும். நான் தறிக்கார வீட்டில் பிறந்தவள். நூலில் கணு இருந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரல் நின்றுவிடும்.

இதில் என் மூத்தாருக்கு — அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் ஏகாம்பரம் மாமாவுக்கு — ஆரம்பத்திலிருந்தே சம்மதம் இல்லை. "லாரிய எங்கிட்ட குடுத்துடு. நம்ம சபாபதி பெங்களூரு போயி வந்துக்கினு இருக்கட்டும். நீ வூட்ல இரு. ஒனக்கு அரிசி பருப்புக்கு இன்னா கொற வைக்கப் போறோம்?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சபாபதி அவருடைய மகன். தங்கமான பையன்தான். ஆனால் நூலைத் தொட்டுப் பார்க்க மாட்டான், கடைக்காரர் சொல்லும் விலையை வைத்தே தரத்தைத் தீர்மானித்துவிடுவான்.

நான் லாரியைக் கொடுக்கவில்லை. கேபினில் என் இடத்தையும் விடவில்லை. தெரு கொஞ்ச நாள் முணுமுணுத்தது, அப்புறம் நல்ல நூல் வருகிறது என்று வாயை மூடிக்கொண்டது. இதுவரைக்கும் பழைய கதை. பாட்டுக் கதை இனிமேல்தான்.

லாரி வாங்கும்போதே டேஷ்போர்டில் ஒரு ரேடியோ பொருத்திக் கொடுத்திருந்தார்கள். கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். அதைக் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எதற்காக வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பாட்டு கேட்க வேண்டியது முழங்காலா? என்ஜினோ கேபினுக்குள்ளேயே பாதி துருத்திக்கொண்டிருக்கிற ஜாதி. அது போடுகிற கூச்சலில் ரேடியோ பாடுகிறதா, அடியில் எங்கேயோ கொசு மாட்டிக்கொண்டு தவிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. பாடகர் ஆணா பெண்ணா என்று டிரைவர் முனுசாமியும் நானும் பந்தயம் கட்டுவோம். அறிவிப்பாளர் சொல்வதும் கேட்காது என்பதால் யார் ஜெயித்தோம் என்று கடைசிவரைக்கும் தெரியாது.

முனுசாமி கூரம் கிராமத்துக்காரர். விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து இந்த வண்டியை ஓட்டுகிறார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது — மத்தியானச் சாப்பாட்டைத் தவிர. வேலூரில் இலை போட்டு உட்கார்ந்தால் ரசத்துக்குத் தனியாக ஒரு தடவை, மோருக்குத் தனியாக ஒரு தடவை சோறு வாங்குவார். அப்புறம் வெயிலில் வண்டியை எடுத்தால் கண் சொருகும். அவர் தூங்காமல் இருக்க நான் பேசிக்கொண்டே வருவேன். என் மாமியார் கதை, ஓரகத்தி கதை, இந்தப் பக்கத்தில் எழுத முடியாத கதைகள் எல்லாம் சொல்லித் தீர்த்தேன். நாளடைவில் என் பேச்சே அவருக்குத் தாலாட்டாகிவிட்டது.

ஒருநாள் நானும் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது எதிரே ரோடு இல்லை. காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் பளபளவென்று தெரிந்தது. "முனுசாமீ!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி சரிவில் இறங்கி, ஒரு மைல்கல்லைச் சாய்த்துவிட்டு நின்றது. பின்னாலிருந்த கோஸெல்லாம் உருண்டு ஏரிக்கரை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இறங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டோம். முனுசாமி அழுதார்.

"யக்கா, நா இனிமே வண்டி ஓட்டல. வேற ஆள வச்சிக்கோ" என்றார்.

"வேற ஆளுக்கும் மத்தியானத்துல பசிக்கும்யா. எந்திரி" என்றேன்.

மறுநாளே பஷீர் பாய் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுவார்.

"பாய், என் ரேடியோவுக்கு ஆம்ப்ளிஃபையர் வைக்கணும். பெரிய ஸ்பீக்கரா ரெண்டு வேணும்."

"வூட்டு ரேடியோவுக்கா?"

"லாரிக்கு."

"அரே! லாரிக்கா?" கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ஜின் சத்தத்த தாண்டிக் கேக்கணும்னா அப்பால ராணிப்பேட்டைலயும் கேக்கும் வடிவம்மா!"

"கேக்கட்டும் பாய். ராணிப்பேட்டைக்காரங்களுக்கும் காது இருக்குதில்ல?"

பாய் சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார். பழைய ரேடியோவைத் தூக்கி எறியவில்லை. "குரல் நல்லாத்தான் இருக்குது, தெம்புதான் இல்ல" என்றார். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தார். அதைச் சீட்டுக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டு முடுக்கினார். இரண்டு பக்கமும் தலைக்குப் பின்னால் ஸ்பீக்கர். பெட்டி செய்யத் தறி வேலை செய்கிற ஆசாரியிடமே சொல்லியிருந்தேன். மனுஷன் என்ன பெட்டி என்று கேட்காமலே, தறி போல நூறு வருஷம் உழைக்கிற பலகையில் செய்து கொடுத்துவிட்டார்.

முதல் தடவை என்ஜினைப் போட்டதும் ஸ்பீக்கரில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. பழைய கொசுவையே பெரிதாக்கி வைத்திருக்கிறோமா? "பேஜாராகாதீங்கமா, டைனமோ பாடுது" என்று பாய் ஒரு சின்ன கண்டென்ஸரை எடுத்து டைனமோ பக்கம் கட்டினார். சத்தம் அடங்கியது.

அப்புறம் ஸ்டேஷனைத் திருப்பினார். ஒரு வயலின். அதன் பின்னால் ஒரு பெண் குரல்.

எப்படிச் சொல்வேன்? என்ஜின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு மேலே, என் தலையைச் சுற்றி, அந்தக் குரல். அந்த அம்மாள் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் கேபினில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாய் வேறு பக்கம் திரும்பி ஸ்க்ரூ தேடினார்.

ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் போன அன்று எங்கள் வீட்டு ரேடியோவின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார்கள். துக்க வீட்டில் பாட்டு கேட்கக் கூடாது, சரி. பதினாறாம் நாள் எல்லாவற்றையும் கழுவினார்கள், துடைத்தார்கள், படுக்கிற கோரைப்பாயைக்கூட மாற்றினார்கள். அந்த வேட்டியை மட்டும் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வருஷம் திரும்பியும் எடுக்கவில்லை. நானாக எடுத்தால் என்ன பேசுவார்களோ என்று எனக்குப் பயம். லாரியை ஓட்டவைத்த எனக்கு ஒரு துணியை இழுக்கப் பயம்! பாய் கடை வாசலில் அந்தக் குரலைக் கேட்டபோதுதான் எத்தனை காலமாகக் காய்ந்து கிடந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் பாட்டோடுதான் தெருவுக்குள் வந்தோம். பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். ஏகாம்பரம் மாமா வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் ஊரெல்லாம் சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது ட்ரிப்பில் கோலார் ரோடு தன் வேலையைக் காட்டியது. குழியில் இறங்கி ஏறியதும் இடது ஸ்பீக்கர் சட்டென்று நின்றது. "யக்கா, ஒம் பக்கம் ஊமையாயிடுச்சு" என்றார் முனுசாமி.

ஊருக்கு வந்தால் பாய் இல்லை. மைக்செட்டைத் தூக்கிக்கொண்டு திருப்புட்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். நானே பெட்டியைத் திறந்தேன். உள்ளே கறுப்புக் காகிதக் கூம்பு. அதற்கு ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய நூல் போகிறது. அந்த நூல் அறுந்திருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். உள்ளே பருத்தி நூல், மேலே தகடாகத் தட்டின தாமிரம் சுற்றிச் சுற்றி... அட, இது நம் ஜரிகை! அச்சு அசல் நம் ஜரிகை! நம்முடையதில் உள்ளே பட்டு, மேலே வெள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பீரோவிலிருந்து ஒரு முழம் அசல் ஜரிகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பழைய நூலின் முனையும் ஜரிகையின் முனையும் சேர வேண்டும். அடுப்படிக்குப் போனேன், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டேன், இரண்டு முனையையும் சேர்த்து ஒரே முறுக்கு. எங்கள் வீடுகளில், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இப்படித்தான் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கியே ஒட்டவைத்துவிடுவோம். நூல் என்று எதைக் கண்டாலும் எங்கள் விரல் தானாகச் சாம்பலைத் தேடும். இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி பிடித்திருந்தது. பெருமையோடு ரேடியோவைப் போட்டேன்.

இடது ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி பிணைத்தேன், இன்னும் கொஞ்சம் சாம்பல். மறுபடியும் மௌனம். இதற்குள் தெருவே கூடிவிட்டது. ஏகாம்பரம் மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"பாத்தியா? பிள்ளையாருக்கே பொறுக்கல. அவரே அது வாய மூடிட்டாரு."

"அப்ப இன்னொரு ஸ்பீக்கர் பாடுதே மாமா, அதப் பாட வைக்கிறது முருகரா?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

மறுநாள் பாய் வந்து பெட்டியைத் திறந்தார். விரலால் தொட்டார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது? விபூதியா?"

"சாம்பல் பாய். பிணைச்சேன்."

"யா அல்லா! சாம்பல்ல பட்டு ஒட்டும், கரண்டு ஒட்டுமா? நடுவுல செவுரு கட்டி வச்சிட்டு வழி வுடு, வழி வுடுன்னா அது எப்டிமா போவும்?" பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனுசாமியும் சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன். வேறு வழி? சாம்பலை ஸ்பிரிட்டில் துடைத்தார், ஜரிகையைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார், இரண்டு முனையையும் சின்னத் தகட்டில் மடக்கி நசுக்கினார். ரேடியோவைப் போட்டார். பாடியது.

"ஜரிகை ஐடியா ஷோக்கா இருக்குதுமா. சாம்பல் ஐடியாவ மட்டும் வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். இதோ, எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் லாரியின் இடது ஸ்பீக்கர் இன்றுவரை ஜரிகையில்தான் பாடுகிறது. காஞ்சிபுரத்து லாரி வேறெதில் பாடும்?

அந்த அமாவாசையன்று, தறிக்கு லீவு என்பதால், தெருமுனைப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். விஷயம் என் லாரி. கூட்டச் சொன்னது ஏகாம்பரம் மாமா.

எங்கள் ஊரில் சத்தத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆடி மாதம் வந்தால் கூழ் ஊற்றுகிற இடமெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டி விடிகாலையிலிருந்து அலறவிடுகிறார்கள். தேர்தல் வந்தால் நாலு கட்சி ஜீப்பும் ஒரே சந்தில் மாட்டிக்கொண்டு கத்துகிறது. மஞ்சள் நீராட்டுக்கு மைக்செட், மொட்டை போட்டால் மைக்செட். அதற்கெல்லாம் மண்டபத்தில் கூட்டம் போட்டார்களா? சத்தம் யாருக்காக என்று பார்த்துத்தான் நம் ஆட்களுக்குக் காது வலிக்கிறது.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் நூல் வாங்குகிற அத்தனை வீடும் அங்கே இருக்கும். "இனிமேல் சபாபதி கொண்டுவரட்டும்" என்று முடிவானால், என் லாரி கோஸ் ஏற்றிக்கொண்டு போகலாம், நான் கேபினில் ஏற வேண்டிய அவசியமே இருக்காது. வீட்டில் உட்கார்ந்து, வேட்டி போர்த்திய ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"டிரைவர் தூங்காம இருக்க வச்சேன்னு சொல்லுங்க வடிவம்மா. அத்தோட நிறுத்துங்க" என்று பாய் சொல்லியனுப்பினார். முனுசாமியும் அதையே சொன்னார். "எம் பேர்ல பழியப் போடு யக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல."

மண்டபத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மதில் ஓரமாக நின்றிருந்தார்கள். நடுவில் நடேசப் பெரியவர் — தெருவில் எந்த வழக்கென்றாலும் அவர் வாயிலிருந்துதான் முடிவு வரும்.

ஏகாம்பரம் மாமா ஆரம்பித்தார். "தாலியறுத்த பொம்பள லாரில போறா. பொறுத்துக்கினோம். இப்ப சினிமா பாட்டு வேற. பெங்களூரு ரோடு முழுக்க நம்ம தெரு மானம் போவுது. லாரிக்கு எதுக்கு பாட்டு?"

நடேசப் பெரியவர் என்னைப் பார்த்தார். "நீ இன்னாமா சொல்ற?"

ஏரிக்கரையைச் சொன்னேன். மைல்கல்லைச் சொன்னேன். முனுசாமி தலையைக் குனிந்துகொண்டு தூணோரம் நின்றிருந்தார்.

"டிரைவர் தூங்குனா டிரைவர மாத்து" என்றார் மாமா.

"தூங்குனது அவர் மட்டும் இல்ல மாமா, நானுந்தான். என்னையும் மாத்துவீங்களா?" என்று கேட்டேன். மாற்றத்தானே கூட்டம் போட்டிருக்கிறார் என்று அப்புறம்தான் உறைத்தது.

பெரியவர் அக்கம்பக்கத்தில் குசுகுசுவென்று பேசினார். பிறகு சொன்னார்: "உசுரு சமாச்சாரம். அதனால பெட்டி இருக்கட்டும். ஆனா, டிரைவர் தனியா போம்போது போட்டுக்கட்டும். நீ வண்டில இருக்கும்போது போடக் கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் நாயமா சொல்றேன், இன்னா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். மாமாகூட ஆட்டினார். முனுசாமி நிம்மதியாக மூச்சுவிட்டு என்னைப் பார்த்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாபாரம் இருக்கும், லாரி இருக்கும், கேபினில் என் இடமும் இருக்கும். ஒரு பட்டனை மட்டும் திருப்பக் கூடாது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. இவர்களுக்குப் பாட்டின்மேல் கோபமில்லை. என் காதின்மேல்தான் கோபம்!

"அய்யா, ஒரு விஷயம் திருத்திச் சொல்லணும்" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "டிரைவருக்காக வச்சேன்னு சொன்னது பாதிதான் நெசம். மீதி நெசம், எனக்குப் பாட்டு புடிக்கும். எனக்குக் கேக்கணும்னுதான் வச்சேன். அவரு செத்தாரு, நான் சாவல. என் காதும் சாவல. நான் வண்டில இருந்தா பாட்டு இருக்கும்."

முனுசாமி தூணோரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க வூட்டுத் தறிக்கு இனிமே இவ நூல் வேணாம். மானம் இருக்கறவன் எவனும் வாங்க மாட்டான்." அவர் பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். இன்னும் சிலர் எழுவதா வேண்டாமா என்று பாதியில் குந்திக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மதிலோரத்திலிருந்து ஒரு குரல். கன்னியம்மா. நாலு வீடு தள்ளி இருக்கிறவள், எனக்குச் சிநேகிதிகூடக் கிடையாது. அவள் புருஷன் பாதியில் குந்திக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்.

"ஏங்க, நீங்க எந்திரிச்சிடாதீங்க. நம்ம வூட்டுக்கு வடிவக்கா நூலுதான். இழ அறுந்தா ராவும் பகலும் ஒக்காந்து பிணைக்கிறது நீங்களா, நானா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். மதிலோரத்தில் சலசலவென்று பேச்சு கிளம்பியது. "அதான, அந்த சபாபதிப் புள்ள ஒரு தபா வாங்கியாந்த நூலு ஞாவகம் இல்ல?" என்றது ஒரு குரல். "எந்நேரமும் அறுந்துக்கினே இருந்துச்சே" என்றது இன்னொன்று. பாதியில் குந்தியிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எழுந்து நின்ற நாலைந்து பேர் மாமாவோடு போனார்கள். அதில் ஒருத்தர் என் சொந்த அத்தை மகன். வலித்தது, பொய் சொல்லவில்லை.

நடேசப் பெரியவர் வெற்றிலையை மடித்தார். "யார்கிட்ட நூலு வாங்கறதுன்றது அவங்கவங்க இஷ்டம். லாரி அந்தம்மாளுது" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்தது.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மாமா வீட்டு வாசலில் இப்போது எனக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அவர் பக்கம் போனவர்களுக்குச் சபாபதி பஸ்ஸில் பெங்களூர் போய் நூல் கொண்டுவருகிறான். நடத்தட்டும். முன்னே பேசாதவர்கள் சிலர் பேசுகிறார்கள், பேசினவர்கள் சிலர் ரேஷன் வரிசையில் தள்ளி நிற்கிறார்கள். எதையும் இழக்காமல் பிடித்ததைச் செய்யலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இழந்தாலும் செய்யலாம் என்று வேண்டுமானால் நான் சொல்கிறேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அந்த வேட்டியை இழுத்துத் துவைக்கப் போட்டேன். அடியில் ரேடியோ புதுசு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் லாரியைக் கொண்டுபோய் பாய் கடை வாசலில் நிறுத்தச் சொன்னேன். கூட்டத்தில் நடந்தது பாதிதான் அவர் காதுக்கு வந்திருக்கிறது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்.

"கழட்டணுமா வடிவம்மா?"

"ஆமாம் பாய், கழட்டணும். வால்யூம் பட்டனை டிரைவர் பக்கத்துலேர்ந்து கழட்டி, என் பக்கம் மாட்டுங்க."